விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பை எப்படிப் படிப்பது?

கும்பகோணத்தில் வக்கீல் குமாஸ்தாவாக இருக்கிறேன். தீர்ப்பு நகல் கைக்கு வந்ததும் எல்லோரும் கடைசிப் பக்கத்தைத்தான் புரட்டுகிறார்கள். நடுப் பக்கங்களை முதலில் படியுங்கள். அந்தத் தொகை ஏன் என்று நீதிபதி சொல்ல வேண்டிய இடம் அதுதான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 168ஆவது பிரிவு நியாயமான இழப்பீடு தரச் சொல்கிறது. காரணம் எழுதாவிட்டால் அது நியாயமா என்று யாரால் சொல்ல முடியும்?

ஒரு பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். வைத்தியச் செலவு, வலி வேதனை, வருமான இழப்பு என ஒவ்வொரு தொகைக்கும் பக்கத்தில் காரணம் இருந்தால் கோடிடுங்கள். 'ஆவணங்களைப் பரிசீலித்து இவ்வளவு நிர்ணயிக்கப்படுகிறது' என்ற வரி காரணம் ஆகாது. எந்த ஆவணம், அதில் எதை ஏற்றார், எதை ஏன் தள்ளினார் என்று இருக்க வேண்டும். மருந்து பில்லில் பெரும்பாலும் சிக்கல் வராது.

சிக்கல் ஊன சதவீதத்தில்தான். நடவுக்குப் போகும் 38 வயதுப் பெண், முழங்கால் மடங்கவில்லை, மருத்துவக் குழு 30% என்கிறது என்று வைத்துக்கொள்வோம். சேற்றில் நின்று நாற்று நட முடியாது, களை பறிக்க முடியாது, வரப்பில் நடப்பதே பாடு. அவருடைய பிழைப்பில் 30% மட்டுமா போனது? உடல் ஊனம் வேறு, சம்பாதிக்கும் திறன் இழப்பு வேறு என்று உச்ச நீதிமன்றம் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் 2010லேயே சொல்லிவிட்டது. இடது கையை இழந்த தச்சருக்கு அநேகமாக முழு வருமானமும் போகலாம், அரசு அலுவலக எழுத்தருக்கு அப்படிப் போகாது என்பது அதில் வரும் உதாரணம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 10,000 ரூபாய், எதிர்கால வருமான உயர்வு 40% சேர்த்து 14,000. வருடத்துக்கு 1,68,000. வருட வருமானத்தைப் பெருக்கும் எண் அந்த வயதுக்கு 15, ஆக 25,20,000. இதில் 30% என்றால் 7,56,000. சம்பாதிக்கும் திறன் இழப்பு 60% என்று நீதிபதி எடுத்தால் 15,12,000. இவ்வளவு பணத்தைத் தீர்மானிக்கும் எண்ணுக்கு ஒரு பத்தியாவது எழுத நீதிபதி கடமைப்பட்டவர்.

அவர் எழுத, வழக்கு நடக்கும்போதே நாமும் சரக்கு கொடுக்க வேண்டும். டாக்டரை விசாரிக்கும்போது குந்த முடியுமா, சுமை தூக்க முடியுமா என்று உங்கள் வக்கீலைக் கேட்கச் சொல்லுங்கள். நூறு நாள் வேலை அட்டையைக் கொடுங்கள். நடவுக்கு ஆள் கூட்டிப்போகிறவரைச் சாட்சியாகப் போடுங்கள்.

தொகை அதிகமாக வந்தாலும் காரணம் தேடுங்கள். இல்லாவிட்டால் இன்சூரன்ஸ் கம்பெனியின் அப்பீலில் முதலில் அடிபடுவது அதுதான்.

அப்பீலுக்கு 90 நாள். தீர்ப்பு நகல் கேட்கும் மனுவை உடனே போட்டுவிடுங்கள். தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர்களுக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு. திருவாரூர், நாகை, மயிலாடுதுறைக்குச் சென்னை. உயர் நீதிமன்றம் வழக்கைக் கீழ்க் கோர்ட்டுக்கே திருப்பி அனுப்பினால் மறுபடி வருடக்கணக்கில் அலைய வேண்டும். அதனால் பதிவில் உள்ள சாட்சியத்தை வைத்து உயர் நீதிமன்றமே தொகையை நிர்ணயிக்கும்படி அப்பீல் மனுவிலேயே கேட்கச் சொல்லுங்கள்.