ஸ்டிக்கர் உரித்த தடம் படகில் தெரிகிறதா?

பைபர் படகில் பழைய ஸ்டிக்கரை உரித்த பின்னும் எழுத்துகள் நிழலாகத் தெரிந்தால், அந்த இடத்தை விட்டுவிட்டுச் சுற்றியுள்ள மங்கிய பகுதியைத் தேயுங்கள். ஸ்டிக்கருக்கு அடியில் இருப்பதுதான் படகின் உண்மையான நிறம். மற்றதெல்லாம் யாழ்ப்பாணத்துக் குருநகர், மயிலிட்டிக் கரை வெயிலில் கிடந்து வெளுத்தது. விரலில் சுண்ணாம்புபோல் ஒட்டும் பொடி, வெயில் தின்ற ஜெல்கோட், அதாவது பைபரின் மேலுள்ள நிறப் பூச்சு. 1000, பிறகு 1500 இலக்க அரத்தாளால் தண்ணீர் விட்டுத் தேய்த்து, ரப்பிங் கொம்பவுண்ட் (மெருகேற்றும் பசை) போட்டு, மெழுகு பூசுங்கள். மெழுகுக்குச் சோம்பல்பட்டால் செய்த வேலை வீண். சீக்கிரமே மறுபடி வெளுக்கும்.

தொடங்குமுன் ஈரத் துணியால் துடைத்துப் பாருங்கள். நனைந்ததும் நிறம் திரும்பினால் தேய்ப்பது பலன் தரும். திரும்பாவிட்டாலோ, கண்ணாடியிழை வெளியே தெரிந்தாலோ இந்த வழி உதவாது. புதிதாக ஜெல்கோட் அல்லது பெயின்ட் அடிக்கத்தான் வேண்டும்.