ப்ளூ-ரே பிளேயரில் இடம் நிரம்பியபோது

மும்பை செம்பூரில் எங்கள் வீட்டு ப்ளூ-ரே பிளேயர், சில டிஸ்க்குகளைப் போட்டாலே ‘சேமிப்பிடம் போதவில்லை’ என்று நின்றுவிடும். அம்மா ஆசையாக உட்கார்ந்திருப்பார், படம் தொடங்காது. டிஸ்க்கைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன்.

காரணம் பிடி-லைவ். அந்த வசதியுள்ள டிஸ்க், டிரெய்லர், கூடுதல் காட்சிகளை இணையத்திலிருந்து இறக்கி வைக்கும். அதற்கு 1 ஜிபி இடமாவது வேண்டும். என் பிளேயரில் அந்த இடம் பின்னால் செருகிய பென்டிரைவ்தான். பழைய டிஸ்க்குகள் இறக்கியதெல்லாம் அதில் அப்படியே கிடந்தது. செட்டிங்ஸில் போய் பிடி-லைவ் தரவை அழித்தேன். சரி, திரும்பவும் நிரம்புமே? அப்புறம் பிடி-லைவின் இணைய அனுமதியையும் நிறுத்திவிட்டேன். படம் டிஸ்க்கிலேயே இருக்கிறது, அதைப் பார்க்க இணையம் எதற்கு? அன்றிரவே அம்மா முழுப் படமும் பார்த்தார்.