பொதிகையில் ஆனை வழியும் ஆள் வழியும்

போன முறை பொதிகை மலையின் அகஸ்தியர்கூடம் சிகரம் ஏறியபோது எங்களோடு வந்த ஒரு பையன், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்தான். கூப்பிட்டுக் கேட்டால், “கூட்டம் பிடிக்கலண்ணா, தனியா நடக்கத்தான் வந்தேன்” என்கிறான். எனக்குச் சுர்ரென்று ஏறியது. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் அதே மலையில் அதே பதிலை நானும் சொல்லியிருக்கிறேன்.

தண்ணீர் பாட்டில், பிளாஸ்டிக் குப்பை, கடிக்கும் புது ஷூ பற்றியெல்லாம் எழுதப் போவதில்லை. மலைக்கு அமைதி தேடிப் போகிறவர்கள் செய்கிற தவறுகள் வேறு ரகம்.

வழிகாட்டியை முந்திப் போவது

கேரளப் பக்கம் போணக்காட்டில் தொடங்கினால் முதல் நாள் அதிருமலை முகாம் வரை நடை, மறுநாள் 1,868 மீட்டர் உச்சி. வனத்துறை அனுமதி இல்லாமல் ஏற முடியாது. வழிகாட்டிகள் பெரும்பாலும் இந்த மலையின் பழங்குடிகளான காணிகள். எனக்கு அப்போது அதுவே குறையாகப் பட்டது. மலைக்கு வந்தும் ஒருவர் பின்னால் நடப்பதா என்று, புல்மேட்டில் எல்லோரும் மூச்சு வாங்க உட்கார்ந்த நேரத்தில் நான் மட்டும் நழுவினேன்.

கால் மணி நேரம் சொர்க்கம். அகலமான, மிதித்து மெத்தென்று ஆன பாதை. எங்கோ ஒரு கருமந்தி ஊம் ஊம் என்றது, அதுவும் அடங்கியது. இதைவிட நல்ல பாதை இந்த மலையில் இல்லை என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். சந்தேகம் வரவேண்டிய இடமே அதுதான்.

பாதை ஈற்றைக் காட்டுக்குள் புகுந்தது. இரண்டு பக்கமும் ஈற்றை ஒடிந்து, நார் நாராகத் தொங்கியது. ஒரு மரத்தில் என் தலைக்கு மேல் ஒரு முழ உயரத்தில் சேறு அப்பியிருந்தது. தரையில் பானை அளவுக்குச் சாணம், இன்னும் ஆவி போகவில்லை. அதற்குள் மஞ்சும் இறங்கிவிட்டது. திரும்பினால் வந்த வழியே இரண்டாகப் பிரிந்து நின்றது.

அப்புறம் இரண்டாவது முட்டாள்தனம். ஓடையைப் பிடித்தால் கீழே இறங்கிவிடலாம் என்று எங்கோ படித்த ஞாபகம். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஓடையைப் பிடித்தால் அருவியின் தலைக்குத்தான் போய்ச் சேர்வீர்கள். நானும் சேர்ந்தேன். வழுக்குப் பாறை, அதற்கப்பால் வெறும் வெள்ளை மஞ்சு, கீழே தண்ணீர் விழும் சத்தம். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அன்று செய்த ஒரே உருப்படியான காரியம் அது. இரண்டு மணி நேரம் கழித்து வழிகாட்டி என் காலடித் தடம் பார்த்து வந்து சேர்ந்தார். திட்டவில்லை. “சாரே, இது ஆனைக்குள்ள வழியாக்கும்” என்றார், அவ்வளவுதான். அன்று மொத்தக் குழுவும் இருட்டில் முகாம் சேர்ந்தது. ஒரு அக்காவுக்குக் கணுக்கால் பிசகி, மறுநாள் உச்சிக்கு வர முடியவில்லை. என் தனிமைக்கான செலவை அவர்தான் கொடுத்தார். இன்றைக்கும் நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

யானை சரிவு பார்த்து, தண்ணீர் பார்த்துப் பாதை போடும். அதனால்தான் அது மனிதப் பாதையைவிடச் சுகமாக இருக்கிறது. மனிதப் பாதையில் இடுப்பு உயரத்தில் சாய்வான கத்தி வெட்டு தெரியும். யானைப் பாதையில் கிளைகள் ஒடிந்தும் பிய்ந்தும் கிடக்கும். இதைக் காட்டிக்கொடுத்ததும் அந்தக் காணிக்காரர்தான்.

தனிமை வேண்டுமென்றால் கேளுங்கள். “அண்ணா, இருபது நிமிஷம் இங்கே உட்காரலாமா?” என்றால் மறுக்கிற வழிகாட்டியை நான் பார்த்ததில்லை. குழுவை விட்டு முப்பது தப்படி தள்ளி, அவர் கண்ணில் படுகிற ஒரு பாறையில் உட்காருங்கள். முப்பது தப்படி போதும். வழி தவறினால் நின்ற இடத்திலேயே நின்று விசில் ஊதுங்கள்.

காணிகளைச் சாதாரணமாக நினைப்பதும் இதில் அடக்கம். 1987இல் தாவர ஆய்வாளர்கள் இதே மலைகளில் களைத்து விழுந்தபோது, கூட வந்த காணிகள் ஏதோ ஒரு பழத்தை மென்றுகொண்டு சளைக்காமல் நடந்தார்கள். ஆரோக்கியப்பச்சை என்ற அந்த மூலிகை உலகுக்குத் தெரிய வந்தது அப்படித்தான்.

உச்சியில்தான் அமைதி என்று நம்புவது

உச்சியில் அகத்தியர் சிலை, ஆளைத் தள்ளும் காற்று, போட்டோவுக்கு வரிசை. கடைசிப் பாறைகளில் கயிற்றைப் பிடித்து ஏற வேண்டும், அங்கேயும் வரிசை. எனக்குக் கிடைத்த நல்ல நேரங்கள் எல்லாம் கீழே சோலைக்குள், பாசி பிடித்த வேர்களுக்கு நடுவில்தான்.

முதல் ராத்திரியே மனசு அடங்கிவிடும் என்று எதிர்பார்ப்பது

அடங்காது. முகாமில் வரிசையாகப் படுத்து நாலு பேர் குறட்டை விடுவார்கள். இல்லாத சிக்னலைக் கை பத்து தடவை தேடும். கேளையாடு நாய் மாதிரி குரைத்தால் தூக்கிவாரிப் போடும். விடியுமுன் எழுந்து வாசலில் உட்காருங்கள். எனக்கு இரண்டாம் நாள் காலையில்தான் கொஞ்சம் பிடிபடும்.

ஸ்பீக்கர்

வீட்டிலேயே இருங்கள்.

இறங்கியதும் போனை ஆன் செய்வது

போணக்காட்டின் பழைய தேயிலைத் தோட்டம் வந்ததுமே எல்லோர் கையிலும் போன். நான் விதுரா போய் ஒரு டீ குடித்து முடிக்கும்வரை தொடுவதில்லை. அந்தப் பையனும் அன்று என் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தான். ஹெட்போன் கழுத்தில் கிடந்தது.