தேர்தல் இரவுக்கு ஒரு தாள், ஒரு பென்சில், ஒரு ரப்பர்

2016 நவம்பரில், அமெரிக்க அதிபர் தேர்தலின்போது, அப்பா பென்சில்வேனியாவில் என்னோடு இருந்தார். "ஏம்மா, ஹிலாரிக்குத்தான் ஓட்டு அதிகம்னு போட்டிருக்கான், அப்புறம் ட்ரம்ப் எப்படி ஜெயிச்சாரு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வாயால் சொன்னது விளங்கவில்லை. தாளில் போட்டுக் காட்டியதும் பிடிபட்டது. நீங்களும் போட்டுப் பாருங்கள்.

50 மாநிலங்களையும் வாஷிங்டன் டி.சி.யையும் வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் எலக்டோரல் ஓட்டு, அதாவது அதிபரைத் தேர்ந்தெடுக்க அந்த மாநிலத்தின் சார்பில் எலக்டர்கள் என்ற பிரதிநிதிகள் போடும் ஓட்டு. கணக்கு எளிது: நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபையில் அந்த மாநிலத்துக்கு உள்ள இடங்கள், அதோடு மேலவையான செனட்டுக்கு இரண்டு. கலிஃபோர்னியாவுக்கு 52-ம் 2-ம் சேர்ந்து 54. வயோமிங்குக்கு 1-ம் 2-ம் சேர்ந்து 3. டி.சி.க்கும் 3. மொத்தம் 538, ஜெயிக்க 270.

அந்த 'செனட்டுக்கு இரண்டு' இருக்கிறதே, அங்கேதான் எடை மாறுகிறது. 2020 மக்கள்தொகைப்படி வயோமிங்கில் சுமார் 1.92 லட்சம் பேருக்கு ஒரு எலக்டோரல் ஓட்டு. கலிஃபோர்னியாவில் சுமார் 7.32 லட்சம் பேருக்கு ஒன்று. ஒரே நாட்டின் குடிமக்களுக்குள் இப்படி ஒரு வித்தியாசம் இருப்பது நியாயமில்லை என்றே நினைக்கிறேன்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகு இந்த எண்கள் மாறும். பென்சில்வேனியாவுக்கு 2016-ல் 20, இப்போது 19. பழைய தேர்தலைப் போட்டுப் பார்த்தால் அந்த வருட எண்ணையே எடுங்கள்.

மாநிலத்தில் ஒருவர் ஒரு ஓட்டு அதிகம் வாங்கினாலும் அதன் எலக்டோரல் ஓட்டு அத்தனையும் அவருக்கே. மெய்னும் நெப்ராஸ்காவும் மட்டும் விலக்கு: மாநில அளவில் முந்தியவருக்கு இரண்டு, மீதி தொகுதிக்கு ஒன்றாகப் பிரியும்.

நாடு முழுக்க விழுந்த ஓட்டுகளின் மொத்தத்தைத் தாளின் பின்பக்கம் எழுதுங்கள். முன்பக்கத்தோடு கலக்கவே கூடாது. தபால் ஓட்டு எண்ண கலிஃபோர்னியாவுக்கு வாரக்கணக்கில் ஆகும், அதனால் பின்பக்கம் மெதுவாகத்தான் நிரம்பும்.

இப்போது 2016-ஐப் போடுங்கள். முன்பக்கம்: ட்ரம்ப் 306, ஹிலாரி 232. பின்பக்கம்: ஹிலாரிக்குக் கிட்டத்தட்ட 29 லட்சம் கூடுதல். இனி மூன்று மாநிலங்களை மட்டும் பாருங்கள். ட்ரம்ப் முந்தியது மிச்சிகனில் 10,704, விஸ்கான்சினில் 22,748, பென்சில்வேனியாவில் 44,292. மூன்றும் சேர்ந்தே 78 ஆயிரத்துக்குள். அவற்றின் 16, 10, 20-ஐ அழித்து ஹிலாரி பக்கம் எழுதுங்கள். அப்பா தானே அழித்து, தானே கூட்டினார்: 278. "இவ்வளவுதானா!" என்று தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஓட்டுப் போட்ட மாநிலம் அதில் ஒன்று என்பதால் எனக்கும் நெஞ்சு கனத்தது.

2000-ல் ஃப்ளோரிடாவில் 537 ஓட்டு வித்தியாசமே புஷ்ஷை 271-க்குக் கொண்டுபோனது. இருவரும் 269-ல் நின்றால் பிரதிநிதிகள் சபை முடிவு செய்யும். அங்கே மாநிலத்துக்கு ஒரு ஓட்டு, 26 வேண்டும்.

தாளை உடனே தூக்கிப் போடாதீர்கள். எலக்டர்கள் டிசம்பரில்தான் ஓட்டுப் போடுகிறார்கள், ஜனவரி 6-ல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் எண்ணுகிறது. 2016-ல் ஏழு எலக்டர்கள் மாற்றிப் போட்டதால் பதிவான கணக்கு 304, 227. அதற்கும் ஒரு வரி இடம் விடுங்கள்.