திருகோணமலைக் கடலில் திமிங்கிலம் பார்க்க: முதல்முறை போகிறவர்களுக்கு

திருகோணமலையில் ஆழ்கடல் கரைக்குப் பக்கத்திலேயே தொடங்கிவிடுகிறது. கடலடியில் பெரிய பள்ளத்தாக்கு ஒன்று துறைமுகம் வரைக்கும் வருகிறது. நீலத்திமிங்கிலம் இங்கே இவ்வளவு கிட்ட வருவது அதனால்தான். நல்ல நாளில் கோணேசர் கோயில் பாறையில் நின்றே அதன் மூச்சைப் பார்க்கலாம்.

முதலில் மாதம். தென்கரையில் உள்ள மிரிஸ்ஸவுக்கு டிசம்பர் முதல் ஏப்ரல் வரை. இங்கே மே முதல் ஆகஸ்ட் வரை போங்கள். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் படகு கிடைக்கும். விடியற்காலையிலேயே புறப்படுங்கள், வெயில் ஏறினால் காற்றும் ஏறும்.

பணம் கொடுக்கும் முன் படகுக்காரரிடம் ஒன்று கேளுங்கள்: "அண்ணா, திமிங்கிலத்தைக் கண்டா எவ்வளவு தூரத்தில நிப்பாட்டுவீங்க?" நூறு மீட்டருக்குக் குறையக் கூடாது. "பக்கத்திலயே கொண்டுபோய்க் காட்டுறன்" என்றால் வேறு படகு பாருங்கள். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. துரத்தினால் அது மூச்சை முழுதாக வாங்காமலே முங்கிவிடும்.

வாந்தி வருபவர்கள் புறப்பட ஒரு மணி நேரம் முன்பே மாத்திரை போடுங்கள். வெறும் வயிறு வேண்டாம், இரண்டு இடியப்பம் போதும். லைஃப் ஜாக்கெட்டைக் கரையிலேயே கட்டிக்கொள்ளுங்கள்.

சரி, கடலுக்கு வந்தாயிற்று. உடம்பைத் தேடினால் ஒன்றும் தெரியாது, மூச்சைத் தேடுங்கள். அடிவானத்தை ஒட்டிக் கண்ணை மெதுவாக ஓட்டுங்கள். நேராக, தென்னை உயரத்துக்கு வெண்புகைபோல எழுந்தால் நீலத்திமிங்கிலம். தாழ்வாக, முன்பக்கம் இடப்புறமாகச் சாய்ந்து அடித்தால் எண்ணெய்த் திமிங்கிலம் (ஸ்பெர்ம் வேல்). அதன் மூச்சுத்துளை தலையின் இடப்பக்கம் இருக்கிறது. கண்டதும் கத்தாமல், படகின் அணியத்தை, அதாவது முன்முனையை, பன்னிரண்டு மணியாக வைத்து "மூன்று மணிப் பக்கம்" என்று சொல்லுங்கள். எல்லோரும் ஒரே இடத்தைப் பார்ப்பார்கள்.

அப்புறம் முதுகு வரும். நீண்டு, நீண்டு, முடிகிறதா என்று நினைக்கும்போது கடைசியில் சின்னதாக ஒரு முதுகுத் துடுப்பு. முதுகு வழக்கத்தைவிட உயரமாக வளைந்தால் வால் தூக்கப்போகிறது, கேமராவைத் தயாராக வையுங்கள். வால் மறைந்த இடத்தில் எண்ணெய் ஊற்றியதுபோல் வழவழப்பான வட்டம் ஒன்று மிதக்கும். அது திமிங்கிலத்தின் காலடித் தடம் மாதிரி. அதன்மேல் படகை விடச் சொல்லாதீர்கள். எஞ்சினை நியூட்ரலில் போட்டுக் காத்திருங்கள். நீலத்திமிங்கிலம் பெரும்பாலும் பத்து நிமிடத்தில் திரும்ப வரும். எண்ணெய்த் திமிங்கிலம் முக்கால் மணி நேரமும் எடுக்கும்.

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. சுழலும் ஓங்கில்கள் (ஸ்பின்னர் டால்பின்கள்) கூட்டமாக வந்தால், ஒவ்வொன்றும் பம்பரம்போல் காற்றில் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணிப் பாருங்கள்.