காரின் பின் கண்ணாடி உடைந்துவிட்டதா? கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் புதிதாக வந்தவர்களுக்கு

மலேசியாவுக்கு வேலைக்கு வந்த கொஞ்ச நாளிலேயே பலர் ஒரு பழைய மைவியோ சாகாவோ ஆக்சியாவோ வாங்கிவிடுகிறார்கள். ஸ்டீயரிங் வலது பக்கம், வண்டி ஓடுவது சாலையின் இடது பக்கம், எல்லாம் ஊரில் போலவே இருப்பதால் ஓட்டிப் பழகுவது சுலபம். ஏதாவது உடைந்தால் யாரிடம் போவது, முதலில் யாருக்குச் சொல்வது என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். பின் கண்ணாடி விஷயத்தில் இந்தத் தடுமாற்றம் காசைக் கரைக்கும். எந்த வேலையை முதலில் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான், செலவு இன்சூரன்ஸ் கையில் போகிறதா உங்கள் கையில் நிற்கிறதா என்பது முடிவாகும்.

இங்கே பின் கண்ணாடி உடைவதற்கு, ஊரில் நாம் யோசித்தே பார்க்காத ஒரு காரணம் உண்டு. மலேசியாவில் வருடம் முழுக்க மழை, அதனால் வருடம் முழுக்கப் புல். தாமான்களிலும் (குடியிருப்புப் பகுதிகளிலும்) நெடுஞ்சாலை ஓரங்களிலும் தோளில் மெஷின் மாட்டிக்கொண்டு புல் வெட்டுகிறவர்களை அடிக்கடி பார்ப்பீர்கள். சுற்றும் இழை ஒரு சின்னக் கல்லைத் தட்டிவிட்டால் போதும், நிறுத்தி வைத்த காரின் கண்ணாடி மொத்தமும் கொட்டிவிடும். அவர்கள் வேலை செய்யும் பக்கம் வண்டியை நிறுத்தாதீர்கள். ஏற்கெனவே நிறுத்தியிருந்தால் நாலு கார் தள்ளி மாற்றி நிறுத்துங்கள். மற்றபடி காற்று மழையில் மரக்கிளை விழுவது, பின்னால் வந்த வண்டி இடிப்பது, டிக்கியில் நீளமான பெட்டியை வைத்துவிட்டுக் கதவை அழுத்தி மூடுவது, பையைத் திருட உடைப்பது எல்லாம் எங்கும் நடப்பதுதான். தைப்பூசத்துக்குப் பத்துமலை போகும்போதும், பிரிக்ஃபீல்ட்ஸில் சாப்பிட இறங்கும்போதும், சீட்டில் பை எதுவும் கண்ணில் படுகிற மாதிரி இருக்க வேண்டாம். காலிப் பையாக இருந்தாலும் வெளியே நின்று பார்க்கிறவனுக்கு அது தெரியாது.

முன் கண்ணாடியும் பின் கண்ணாடியும் வேறு வேறு

முன் கண்ணாடி இரண்டு தகடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. கல் பட்டால் விரிசல் விடும், ஆனால் கொட்டாது. சின்னப் புள்ளியாக இருந்தால் ரெசின் ஊற்றிச் சரி செய்யலாம். பின் கண்ணாடி பெரும்பாலான கார்களில் டெம்பர்டு வகை. 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, இரண்டு பக்கமும் காற்றை வேகமாக அடித்துக் குளிர வைப்பார்கள். அப்போது மேற்பரப்பு இறுகிக்கொள்கிறது, உள்பகுதி இழுவிசையோடு நிற்கிறது. அதனால்தான் கையால் ஓங்கித் தட்டினாலும் தாங்குகிறது. ஓர் இடத்தில் அந்தச் சமநிலை போய்விட்டால் முழுக் கண்ணாடியும் கல்கண்டுத் துண்டுகளாக உதிர்ந்துவிடும். ஓரம்தான் அதன் பலவீனமான இடம். ஓரத்தில் எப்போதோ பட்ட சின்ன அடி, நாள் கழித்து நல்ல வெயிலில் வேலையைக் காட்டுவதும் உண்டு.

இதிலிருந்து இரண்டு விஷயம். பின் கண்ணாடியை ரிப்பேர் செய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். அப்புறம், டெம்பர் செய்த கண்ணாடியை அளவுக்கு வெட்டவும் முடியாது. உங்கள் காரின் மாடல், வருடம், வேரியன்ட் மூன்றும் பொருந்தும் கண்ணாடிதான் வேண்டும். போன் செய்யும்போதே காரின் கிராண்டை (பதிவுச் சான்றை) கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். மைவி என்று மட்டும் சொன்னால் போதாது. 2005இல் வந்ததிலிருந்து அந்தக் கார் பல முறை உருவம் மாறியிருக்கிறது.

உடைந்த உடனே

கண்ணாடியைப் பெருக்கித் தள்ளத்தான் கை முதலில் போகும். வேண்டாம், முதலில் போட்டோ எடுங்கள். நம்பர் பிளேட்டும் உடைந்த இடமும் ஒரே படத்தில் தெரிய வேண்டும். தூரத்தில் நின்று ஒன்று, கிட்டப் போய் ஒன்று, உள்ளே சிதறியது ஒன்று, கல்லோ கிளையோ கிடந்தால் அதையும் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ்காரர்கள் மாற்றுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களைக் கேட்பது இங்கே வழக்கம். சுத்தம் செய்துவிட்ட காரை வைத்துக்கொண்டு உடைந்த கதையைச் சொன்னால் வீண் கேள்விகள்தான் வரும்.

அடுத்து, பாலிசியில் இருக்கும் ஹாட்லைனுக்கோ உங்கள் ஏஜெண்டுக்கோ போன் செய்யுங்கள். அவர்கள் சரி என்று சொல்லும் முன் எந்தக் கடைக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள். வண்டி கம்பெனியுடையதோ வாடகைக்கு எடுத்ததோ என்றால் முதல் போன் அவர்களுக்குப் போக வேண்டும். அவர்களைக் கேட்காமல் மாற்றினால் பணம் திரும்பி வராமல் போகலாம்.

திருட்டு என்றால் பாலாய்க்கு (போலீஸ் நிலையத்துக்கு) போய் ரிப்போர்ட் கொடுத்தே ஆக வேண்டும். மோதல் என்றாலும் அப்படித்தான். 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி விபத்தை 24 மணி நேரத்துக்குள் போலீசுக்குச் சொல்ல வேண்டும். ரிப்போர்ட் மலாயில் டைப் செய்யப்படும். மலாய் தெரியாது என்று தயங்கவேண்டாம், ஆங்கிலத்தில் மெதுவாகச் சொல்லலாம், தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துப் போகலாம். கையெழுத்துப் போடும் முன் இடம், நேரம், வண்டி எண் மூன்றையும் படித்துப் பாருங்கள். திருடு போன பையில் பாஸ்போர்ட் இருந்தால் அதன் எண்ணையும் ரிப்போர்ட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். தூதரகத்திலும் இமிகிரேஷனிலும் பிறகு இந்தக் காகிதத்தைத்தான் கேட்பார்கள். கல்லோ கிளையோ பட்ட சாதாரண உடைப்புக்கு ரிப்போர்ட் வேண்டுமா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். போனிலேயே கேட்டுவிடுங்கள்.

புல் வெட்டும்போது உடைந்தது என்றால், அங்கேயே வேலை செய்கிறவர்களிடம் மரியாதையாகப் பேசி, அவர்களுடைய கான்ட்ராக்டர் யார் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அவர்களில் பலரும் நம்மைப் போல ஊர்விட்டு வந்தவர்கள், அவர்களிடம் சண்டை போட்டு ஆகப்போவது எதுவுமில்லை. மாநகராட்சி ஏரியா என்றால் கோலாலம்பூரில் டிபிகேஎல் மாநகராட்சியிடமும், பினாங்குத் தீவில் எம்பிபிபி மாநகராட்சியிடமும் படங்களோடு புகார் கொடுக்கலாம். அந்தப் பணம் வரும் என்று நம்பி வண்டியை மட்டும் கண்ணாடி இல்லாமல் நிறுத்தி வைக்காதீர்கள்.

மழைக்கு ஒரு ஏற்பாடு

கோலாலம்பூரில் சாயங்கால மழை யாருக்கும் காத்திருக்காது. தடித்த பிளாஸ்டிக் ஷீட்டை விரித்து ஓரங்களில் டேப் ஒட்டுங்கள். பெயின்ட்டின் மேல் படும் இடத்தில் மாஸ்கிங் டேப் போதும், துணி டேப்பை வெயிலில் விட்டால் பசை பிடித்துக்கொள்ளும். டின்ட் ஒட்டிய கண்ணாடி உடைந்தும் அப்படியே நின்றால் அதைத் தட்டிவிடாமல் கடைவரை விட்டுவையுங்கள். துண்டுகளை உள்ளே விழாமல் பிடித்து வைத்திருப்பது அந்தப் படலம்தான்.

இந்த நிலையில் தூரம் ஓட்டவேண்டாம். பின்பக்கம் திறந்திருந்தால், ஓடும்போது சைலன்சர் புகை உள்ளே இழுக்கப்படும். குழந்தைகளை ஏற்றாதீர்கள், முன் ஜன்னல்களைத் திறந்து வைத்துப் பக்கத்துக் கடை வரைக்கும் மட்டும் ஓட்டுங்கள். பினாங்குத் தீவில் இருப்பவர்கள், கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம் விலை மலிவு என்று யாராவது சொன்னாலும் யோசியுங்கள். முதல் பாலமே 13.5 கிலோமீட்டர், இரண்டாவது 24 கிலோமீட்டர். கடல் காற்றில் பிளாஸ்டிக் கிழிந்துவிட்டால் நடுவில் நிறுத்துவதும் சிரமம். வீட்டுக்கே வந்து மாற்றித் தரும் ஆட்கள் இரண்டு ஊரிலும் இருக்கிறார்கள். பிளஸ் நெடுஞ்சாலையில் உடைந்தால் 1800-88-0000 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள், ரோந்து வண்டி வரும்.

இன்சூரன்ஸ் கணக்கு

இங்கேதான் புதியவர்கள் அதிகம் ஏமாந்து போகிறார்கள். காம்ப்ரிஹென்சிவ் பாலிசி இருக்கிறது, கண்ணாடியும் அதில் வரும் என்று நினைக்கிறார்கள். கண்ணாடிக்குத் தனியாக ஒரு சேர்ப்பு வாங்க வேண்டும். பாலிசித் தாளில் எண்டோர்ஸ்மென்ட் 89 என்று இருக்கிறதா பாருங்கள். முன் கண்ணாடி, பின் கண்ணாடி, ஜன்னல்கள், சன்ரூஃப் எல்லாம் அதில் அடங்கும். எவ்வளவு தொகைக்கு எடுக்கிறீர்களோ அதில் 15 சதவீதம் கட்டுவது வழக்கம். 800 வெள்ளிக்கு (ரிங்கிட்டை இங்கே தமிழில் அப்படித்தான் சொல்வார்கள்) எடுத்தால் 120 வெள்ளி, அதற்கு மேல் வரி. பழைய கார் வாங்கியவர்கள் செலவைக் குறைக்கத் தேர்ட் பார்ட்டி மட்டும் எடுத்திருந்தால் இது எதுவும் கிடையாது, கைக்காசுதான்.

இந்தச் சேர்ப்பின் பெரிய பலன், கண்ணாடிக்கு மட்டும் கிளெய்ம் செய்தால் என்சிடி, அதாவது கிளெய்ம் செய்யாமல் இருந்ததற்கான தள்ளுபடி, கழியாது. தனியார் காருக்கு என்சிடி முதல் வருடம் முடிந்ததும் 25 சதவீதம், பிறகு 30, 38.33, 45, கடைசியில் 55 வரை ஏறும். வருடக்கணக்கில் சேர்த்த தள்ளுபடி அது. சேர்ப்பு எடுக்காதவர் கண்ணாடிக்காகச் சாதாரண சேதக் கிளெய்ம் போட்டால் அது மொத்தமும் போய் பூஜ்யத்தில் நிற்பார். ஒரு மைவி கண்ணாடிக்காக இதைச் செய்யவே கூடாது, கையிலிருந்து கட்டிவிடுங்கள். பின்னால் வந்தவர் இடித்து உடைந்த கதை வேறு. தவறு அவருடையது என்று போலீஸ் விசாரணையில் முடிவானால், நாக் ஃபார் நாக் முறையில் உங்கள் கம்பெனியிடமே வாங்கலாம், என்சிடியும் அப்படியே நிற்கும்.

கடையில் எதைப் பார்ப்பது

இன்சூரன்ஸ் வழியாகப் போனால் அவர்களுடைய பேனல் கடைக்கு (அவர்கள் ஒப்புக்கொண்ட கடைக்கு) போவீர்கள், பணம் கட்டத் தேவையிருக்காது. சொந்தக் காசு என்றால் கோலாலம்பூரில் ஜாலான் ஈப்போ, செகாம்புட் பக்கம் விசாரித்துப் பாருங்கள். குறைந்தது மூன்று இடத்தில் விலை கேளுங்கள். கேட்கும்போது, கண்ணாடி, ஒட்டும் கூலி, ரப்பர் பீடிங், டின்ட் நான்கும் சேர்த்த விலையா என்று கேட்டுவிடுங்கள். விலை குறைத்துச் சொல்லிவிட்டுக் கடைசியில் பீடிங்குக்குத் தனி என்பார்கள்.

புதுக் கண்ணாடியின் மூலையில் அச்சடித்த முத்திரையைக் குனிந்து பாருங்கள். தயாரித்த கம்பெனி பெயர், வட்டத்துக்குள் ஆங்கில E எழுத்தும் ஓர் எண்ணும், 43R என்ற குறியும் இருந்தால் பாதுகாப்புச் சோதனையில் தேறிய கண்ணாடி. ஜப்பானிலிருந்து வந்த ரீகான்ட் (பயன்படுத்திய) கார்களுக்கு, பழைய கார்களை வெட்டிப் பாகங்களாக விற்கும் ஹாஃப் கட் கடைகளில் பழைய கண்ணாடி கிடைக்கும். அதை வாங்கலாம், ஆனால் சுற்றிலும் விரலால் தடவிப் பார்த்து ஓரத்தில் சின்னச் சிதைவு இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

வேலை நடக்கும்போது கூடவே நில்லுங்கள். நல்ல வேலைக்காரர் முதலில் வேக்குவம் போட்டு டிக்கிக் கதவின் உள்பலகையைக் கழற்றி, அதற்குள் விழுந்த துண்டுகளை எடுப்பார். எடுக்காவிட்டால் கதவை மூடும்போதெல்லாம் கலகலவென்று சத்தம் கேட்கும். பிறகு பழைய பசையைக் கத்தியால் சீவி, மெல்லிய ஓர் அடுக்கை மட்டும் விட்டுவைப்பார். இரும்பு தெரியும் இடத்தில் கறுப்பு பிரைமர் தடவுவார். இந்த ஊர் ஈரத்தில் அதை விட்டுவிட்டால் துரு ஏறி ஒரு வருடத்தில் தண்ணீர் ஒழுகும். பசைக் குழாயின் மூக்கை 'வி' வடிவில் வெட்டி, நிறுத்தாமல் ஒரே கோடாகச் சுற்றி இழுத்துவிட்டு, இரண்டு பேர் உறிஞ்சு பிடிகளால் கண்ணாடியைத் தூக்கி வைத்து அழுத்துவார்கள். அந்தக் கோடு நடுவில் விட்டுப்போனால் தயங்காமல் சொல்லுங்கள்: "அண்ணே, இந்த மூலைல பசை விட்டுப்போன மாதிரி இருக்கு, கொஞ்சம் பாருங்க." யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பணம் கொடுக்கும் முன் டிஃபாக்கரை (கண்ணாடியில் படியும் பனியை நீக்கும் சூட்டுக் கோடுகளை) போட்டு, இரண்டு நிமிடம் கழித்து உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்துப் பாருங்கள், கோடுகள் சூடாகத் தெரிய வேண்டும். சில கார்களில் ரேடியோ ஆன்டெனாவும் இதே கண்ணாடியில்தான் இருக்கும், அதனால் ரேடியோவையும் போடுங்கள். ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி நடு விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். பின் வைப்பர் இருந்தால் அதையும்.

டின்ட் விஷயத்தில், 2019 மே 8 முதல் முன் கண்ணாடிக்கு 70 சதவீதம், முன் ஜன்னல்களுக்கு 50 சதவீதம் வெளிச்சம் போக வேண்டும், பின்பக்கத்துக்கு வரம்பில்லை. வரம்பில்லை என்பதற்காக முழு இருட்டாகப் போடவேண்டாம் என்பது என் கருத்து. மழை பெய்யும் இரவில் பாசார் மாலாம் (இரவுச் சந்தை) பக்கம் ரிவர்ஸ் எடுத்தால் தெரியும்.

பசை காற்றில் இருக்கும் ஈரத்தால்தான் இறுகும், அதற்கு மலேசியா நல்ல இடம். இருந்தாலும் கடைக்காரர் சொல்லும் மணி நேரம்வரை வண்டியை எடுக்காதீர்கள். ஓரிரு நாள் கார் வாஷ் வேண்டாம். கதவை அடித்து மூடாமல், ஒரு ஜன்னலை விரலளவு இறக்கி வையுங்கள், உள்ளே அழுந்தும் காற்று கண்ணாடியைத் தள்ளிவிடக்கூடும். குழந்தை சீட் இருந்தால் துணியைக் கழற்றி, பெல்ட் பொருந்தும் சந்துவரை வேக்குவம் போட்டுவிட்டுத்தான் திரும்ப மாட்ட வேண்டும்.

கிளெய்ம் செய்து முடித்ததும், பெரும்பாலான பாலிசிகளில் கண்ணாடிச் சேர்ப்பு அதோடு முடிந்துபோகும். மீதி வருடத்துக்கும் வேண்டுமென்றால் மறுபடி பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். அதே வாரத்தில் ஏஜெண்டிடம் கேளுங்கள். கேட்கும்போது, கடையில் கொடுத்த பில்லைப் பார்த்து டின்ட் விலையும் சேரும்படி தொகையை வைக்கச் சொல்லுங்கள்.