கேமராப் பதிவு அழிவதற்குள் எடுத்துவிடுங்கள்

போன ஆண்டு ஒரு விடியற்காலை, பால் வாங்கப் போன என் அம்மாவைத் தெருமுனையில் ஒரு மோட்டார் சைக்கிள் இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. கால் எலும்பு முறிவு. ஆஸ்பத்திரி அலைச்சலில் கேமரா என்ற நினைப்பே பதின்மூன்றாம் நாள்தான் வந்தது. தெருவைப் பார்த்துக் கேமரா வைத்திருந்த மருந்துக்கடைக்கு ஓடினேன். அந்தப் பதிவு அழிந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது.

பதிவு யாரிடம் இருக்கும் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். லண்டன் டிராஃபல்கர் சதுக்கத்தில் 1960-இல் போலீஸே தற்காலிகமாகக் கேமரா வைத்துக் கூட்டத்தைக் கண்காணித்தது. சென்னையின் கதை வேறு. பொதுமக்கள் வந்துபோகும் கட்டடங்களில் கேமராவைக் கட்டாயமாக்கித் தமிழக அரசு 2012-இல் விதி போட்டது. 2016 ஜூனில் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டபோது நிலையத்தில் கேமரா இல்லை. போலீஸுக்குக் கைகொடுத்தது பக்கத்துத் தெருக் கட்டடங்களின் பதிவுதான். 2017-இல் சென்னைக் காவல் ஆணையராக வந்த ஏ.கே. விஸ்வநாதன் காலத்தில் தெருக் கேமரா வைக்கும் 'மூன்றாவது கண்' திட்டம் தெருத்தெருவாகப் பரவியது. அதில் பெரும்பங்கு வியாபாரிகளும் குடியிருப்போர் சங்கங்களும் போட்ட காசு. ஆகவே நீங்கள் தேடும் பதிவு கட்டுப்பாட்டு அறையில் இருப்பதைவிட, ஏதோ ஒரு கடையின் கல்லாவுக்கு அடியில் தூசி படிந்த டி.வி.ஆர். என்னும் பதிவுப் பெட்டியில் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

அந்தப் பெட்டியின் ஆயுளைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் பதிவாகும் ஒரு கேமரா ஒரு நாளைக்குச் சுமார் 21 ஜி.பி. தின்னும். நான்கு கேமரா, 1 டி.பி. டிஸ்க் என்றால் பதினொன்று, பன்னிரண்டு நாள். அதற்குப் பிறகு பழையதன் மேலேயே புதியது எழுதப்படும். டிஸ்க் பெரியது என்று நம்பியும் இருக்காதீர்கள். 2020-இல் சாத்தான்குளம் காவல் நிலையத்தைப் பார்வையிட்ட மாஜிஸ்திரேட், 1 டி.பி. இடமிருந்தும் பதிவுகள் தினமும் அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததாக அறிக்கை கொடுத்தார். அதே ஆண்டு டிசம்பரில், காவல் நிலையப் பதிவுகளைப் 18 மாதம் வைத்திருக்க வேண்டும், முடியாவிட்டால் ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த உத்தரவு மருந்துக்கடைக்குப் பொருந்தாது.

சம்பவ நாளன்றே தெருவில் நடங்கள். வண்டி வந்த வழி, போன வழி இரண்டிலும் கேமரா எந்தப் பக்கம் பார்க்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எனக்குக் கடைசியில் உதவியது மாவு மில். ஒரே கேமரா, 500 ஜி.பி. டிஸ்க், இருபது நாளுக்கு மேல் தாங்கும். "சார், இதில் மணி எப்போதும் பின்தங்கித்தான் ஓடும்" என்றார் மில்காரர். 47 நிமிடம் பின்தங்கியிருந்தது! என் கைபேசி மணியையும் அவர் திரை மணியையும் ஒரே படத்தில் எடுத்துக்கொண்டேன். இதை மறக்காதீர்கள்; வழக்கில் நேரம் இடித்தால் பதிவே சந்தேகத்துக்குள்ளாகும்.

பென்டிரைவைக் கணினியில் ஃபேட்32 (FAT32) வடிவத்துக்கு ஃபார்மட் செய்து கொண்டுபோங்கள். பழைய பெட்டிகள் பல வேறெதையும் ஏற்பதில்லை. சம்பவத்துக்கு முன்னும் பின்னும் கால் மணி நேரம் சேர்த்து நகலெடுங்கள். திரையைக் கைபேசியில் படம் பிடிப்பது அவசரத்துக்குத்தான்.

போலீஸில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். எந்தக் கடை, எந்தக் கேமரா, எத்தனை மணி என்று எழுதி, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 94-ஆம் பிரிவின்படி பதிவைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தை நம்பிக் காத்திருக்காதீர்கள். பதிலுக்கு 30 நாள் அவகாசம் உண்டு, பெட்டிக்கு அத்தனை நாள் ஆயுள் இல்லை.

நீதிமன்றத்துக்குப் போனால், மின்னணுப் பதிவைச் சாட்சியமாக ஏற்கப் புதிய சாட்சியச் சட்டம் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். 2024 ஜூலைக்கு முன் இதுவே பழைய சட்டத்தின் 65 பி பிரிவு. அதன் முதல் பகுதியில் பெட்டிக்குப் பொறுப்பானவர் கையெழுத்திட வேண்டும். "கோர்ட்டுக்கு அலைய வேண்டுமா?" என்று மில்காரர் கேட்டார். ஒருவேளை ஒரு நாள் வர வேண்டியிருக்கும் என்று உள்ளதைச் சொன்னேன். கையில் ஒட்டியிருந்த மாவைத் துடைத்துவிட்டுப் பேனாவைக் கேட்டார்.